பேஜார் பாய் போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர்

தன் கடைச் சரக்கைத் தானே திட்டி, படியேறி வந்த வாடிக்கையாளரைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்புவதில் பேஜார் பாயை மிஞ்ச எங்கள் வேலூர் மாவட்டத்தில் ஆள் பிறந்ததில்லை. இருபது வருஷம் கடை நடத்தினார். அந்த இருபது வருஷத்தில் ஒரு பொருளையாவது ‘நல்லது’ என்று சொல்லி அவர் விற்றதை யாரும் பார்த்ததில்லை.

ஆம்பூர் பஜாரில், ஷூ ஒட்டும் பசையும் சோல் ரப்பரும் விற்கிற கடைக்கு மேல் மாடியில் அவருடைய கம்ப்யூட்டர் கடை. படியேறும்போதே பசை நெடியில் பாதி மயக்கம் வரும். மீதி மயக்கம் பாய் வாயைத் திறந்ததும் வரும். அவருக்கு நிஜப்பெயர் ஒன்று உண்டு. கடை போர்டில் அது எழுதியும் இருந்தது. போர்டுக்குக் குறுக்கே கரண்ட் கம்பிகள் கொத்தாகப் போனதால் ஒருவரும் படித்ததில்லை. எதைக் காட்டி விலை கேட்டாலும், “அதுவா? பேஜாரு” என்பார். ஊர் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது.

ஒரு முறை வாணியம்பாடியிலிருந்து பெண் வீட்டார் நாலு பேர் வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சீர்வரிசையோடு ஒரு கம்ப்யூட்டரும் வைக்கவேண்டுமாம். பாய் அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

“மாப்ளை மேல இன்னா கோவம் உங்களுக்கு?”

“ஐயோ, கோவம் எல்லாம் இல்ல பாய்!”

“பின்ன? இது ஆறு மாசத்துல மக்கர் பண்ணும். அப்ப அவரு இதைத் திட்டமாட்டாரு, உங்க பொண்ணைத் திட்டுவாரு. பேசாம பீரோ வாங்கிக் குடுங்க. பீரோ ஹேங் ஆவாது.”

பீரோ வாங்கப் போய்விட்டார்கள்.

இன்னொரு முறை, கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பிக்கப்போகிற ஒருவர் பத்து மெஷின் மொத்தமாகக் கேட்டு வந்தார். வேறு கடைக்காரராக இருந்தால் பிரியாணி வாங்கிக் கொடுத்திருப்பார். பாய் எழுந்து, அடுக்கி வைத்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். “இது வெயில்ல போவும். இது மழையில போவும். இது பக்கத்து டேனரியில மோட்டார் போடற நேரத்துல போவும். இது சும்மாவே போவும்.” ஐந்தாவது பெட்டிக்கு வருவதற்குள் அந்த ஆள் பாதிப் படி இறங்கியிருந்தார். பாய் திருப்தியாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் சிரமம். எங்கள் ஊர்க் காற்று அப்படி. டேனரிகளில் தோல் ஊறும் தொட்டிகளிலிருந்து வருகிற காற்றில் வெள்ளிக் கொலுசே ஒரு மாசத்தில் கறுத்துப்போகும். “கொலுசு கறுக்குதே, உள்ள இருக்கிற ராம் மட்டும் கறுக்காதா?” என்பார். செத்துப்போனது என்று தூக்கி வருகிற மெஷினைப் பிரித்து, மெமரி அட்டையான அந்த ராமை உருவி, அதன் அடியில் பல் போல் வரிசையாக இருக்கும் முனைகளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அழிரப்பரால் நாலு தேய் தேய்த்து மறுபடி செருகுவார். உயிர் வந்துவிடும். காசு வாங்கமாட்டார். “மறுபடியும் சாவும், எடுத்துக்கினு வா” என்று வழியனுப்புவார்.

நான் அவரிடம் போனபோது எனக்கு வயது இருபத்து மூன்று. இடது கையில் விரல்கள் மூன்று.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நான் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தேன். தோலை விரித்து, அதன்மேல் இரும்பு அச்சை வைத்து, பட்டனை அழுத்தினால் மேலிருந்து தட்டு இறங்கி ஷூவுக்கு வேண்டிய துண்டை வெட்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை இறங்கும். ஒரே ஒரு தடவை நான் கையை எடுப்பதற்கு முன்னால் இறங்கிவிட்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன.

வேலூர் ஆஸ்பத்திரியில் தையல் பிரித்த பிறகு, மிச்சமிருக்கும் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கவேண்டும், விட்டால் விறைத்துவிடும் என்றார்கள். பிழிவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் பிழிந்தேன். மூன்றாம் நாள் அதைச் சாக்கடையில் எறிந்தேன். கையைப் பாக்கெட்டிலிருந்து எடுப்பதையே நிறுத்திவிட்டேன். பாக்கெட்டில் கையை விட்டபடியே சாப்பிட்டேன், கோயில் ஆராதனைக்குப் போனேன், சாவு வீட்டுக்குப் போனேன். அந்த மாதங்களில் எனக்கு வந்த யோசனைகளை இங்கே எழுதவேண்டாம். பாலாற்றுப் பாலத்தில் போய் நின்றிருக்கிறேன். கீழே பார்த்தால் மணல்தான் இருந்தது. எங்கள் ஆற்றில் விழுந்து சாகக்கூடத் தண்ணீர் கிடையாது.

தெருமுனை பிரவுசிங் சென்டரில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவார்கள். ஒரு மத்தியானம் கூட்டமில்லாத நேரம் உட்கார்ந்து பார்த்தேன். திரைக்குள்ளே எனக்கு இரண்டு முழுக் கைகள் இருந்தன, அவற்றில் ஒரு துப்பாக்கியும் இருந்தது. கீபோர்டில் மூன்று விரலும் தட்டுத் தடுமாறி அசைந்தன. நஷ்ட ஈட்டுப் பணத்தில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். என்னென்ன பாகம் வேண்டும் என்று அங்கிருந்த பையன்களிடம் கேட்டு ஒரு லிஸ்ட் எழுதிக்கொண்டேன்.

“பாய், கேம் ஆடற மாதிரி ஒரு சிஸ்டம் போடணும். நாப்பதாயிரத்துக்குள்ள.”

“இன்னா கேமு?”

“சுடற கேமு.”

“கையைக் காட்டு.”

வலது கையை நீட்டினேன்.

“அது இல்லப்பா. பாக்கெட்டுல ஒண்ணு வச்சினு இருக்கியே, அது.”

கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை, எடுத்துவிட்டேன். பாய் அதை மதர்போர்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: “ரெண்டு விரலு கம்மி. நடுவிரலு பாதிதான் மடங்குது. பேஜாரு.”

மூன்று மாதமாக ஊரில் யாரும் அந்த எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘கொஞ்சம் அடிபட்டுடுச்சாம்’ என்பார்கள், வேறு பக்கம் பார்ப்பார்கள். எனக்கு முகம் கொதித்தது. விடுவிடுவென்று படியிறங்கி வந்துவிட்டேன். மறுநாள் காலையில், ஏன் என்று எனக்கே விளங்காமல், திரும்பவும் படியேறினேன்.

லிஸ்டை வாங்கிப் படித்தார். நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடுவது நின்றது.

“எல்லாரும் பிராசசர்லேர்ந்து ஆரம்பிப்பானுங்க. நீ கையிலேர்ந்து ஆரம்பி.”

இரண்டு வாரம் தினமும் போனேன். கடையில் இருந்த ஒவ்வொரு கீபோர்டையும் என் முன்னால் வைத்துப் பார்த்தார். எல்லாமே ஐந்து விரல்காரர்களுக்காகச் செய்தது. ஒவ்வொன்றையும் தூக்கி எறியும்போது, “இதைக் கண்டுபிடிச்சவனுக்குக் கை இல்லாத தோஸ்த் ஒருத்தன்கூட இல்ல போல” என்று முனகுவார். கடைசியில் பில் போடுகிற கடைகளில் இருக்குமே, எண்கள் மட்டும் உள்ள சின்ன கீபேட், அதை எடுத்தார். கீழ்க்கடையிலிருந்து சோல் ரப்பர் துண்டு ஒன்று வாங்கிவந்து, சரிவாகச் சீவி, ஷூ பசை தடவி அதன் அடியில் ஒட்டினார். கீபேட் என் கைப்பக்கம் சாய்ந்து நின்றது. நடப்பதற்கு இரண்டு விரல், குதிப்பதற்குக் கட்டைவிரல். உட்காருவதற்கும் ஓடுவதற்கும் பக்கவாட்டில் பட்டன் வைத்த மவுஸ் ஒன்று. அதை வலது கை பார்த்துக்கொண்டது.

அதற்கப்புறம்தான் எங்களுக்குள் சண்டையே வந்தது. எனக்கு இருப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும். நீல விளக்கு எரிகிற கேபினட் வேண்டும். பாய் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே நின்றார். உள்ளே இருக்கிற எல்லாப் பாகத்துக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. என் இரண்டு கையிலும் இரண்டு பெட்டியைக் கொடுத்தார்.

“தூக்கிப் பாரு. எது கனம் ஜாஸ்தி?”

“இது.”

“அதான் உள்ள சரக்கு இருக்கறது. இன்னொண்ணு வெறும் தகரம். கரண்டு சரியில்லன்னா பெரிய கார்டு வச்சி இன்னா பண்ணுவ? கார்டுல ஒரு படி இறங்கு. அந்தக் காசுல இந்த எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரு யுபிஎஸ்ஸும் போட்டுக்க.”

“லைட்டு?”

“சீரியல் லைட்டு பாக்கணும்னா தர்கா சந்தனக்கூடுக்குப் போ.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “காசு என்னுது பாய். எனக்குப் பிடிச்சதை வாங்குவேன்.”

பாய் குரலை உயர்த்தவில்லை. “உன்னுது இல்லப்பா. அது ரெண்டு விரலோட காசு. அதுல போயி நீல லைட்டு வாங்குவியா?”

அவர் சொன்ன கார்டு, அவர் சொன்ன எஸ்எம்பிஎஸ், காற்றுக்கு முன்னும் பின்னும் ஃபேன் வைத்த, பார்க்கச் சகிக்காத ஒரு சாம்பல் நிற கேபினட், எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அவரே ஆட்டோவில் கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா வாசலை மறித்து நின்றாள். அம்மாவும் ஷூ கம்பெனிதான், தையல் பிரிவு.

“ஊரே சிரிக்குது பாய். கை போன காசுல விளையாட்டுச் சாமான் வாங்கறான்னு.”

“சிரிக்கட்டும்மா. எப்படியும் ரெண்டு வருஷத்துல கெட்டுப் போய்டும். கொஞ்சம் தள்ளு.”

வியாபாரி வாயிலிருந்து இப்படி ஒரு பதிலை அம்மா எதிர்பார்க்கவில்லை. தள்ளி நின்றாள். இணைத்து முடித்து சுவிட்சைப் போட்டதும், சொல்லிவைத்தாற்போல் தெருவில் கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்கீச் என்று கத்த, திரை மட்டும் அணையாமல் எரிந்தது. பாய் முகத்தில் நான் பார்த்த சந்தோஷங்களில் அதுதான் பெரியது. “பாத்தியா? நான் சொல்லல?”

நான் ஆடுவதை அம்மா முதல் வாரம் முழுக்கப் பார்க்காமல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்தவள், புடவையைக்கூட மாற்றாமல் பின்னால் வந்து நின்றாள். திரையைப் பார்க்கவில்லை, கீபேடின்மேல் அலைகிற மூன்று விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிபட்ட நாளுக்குப் பிறகு அவள் அந்தக் கையை நேராகப் பார்த்தது அன்றுதான்.

“வலிக்குதாடா?”

“இல்லம்மா.”

திரைப்பக்கம் கண்ணைத் திருப்பி, “யாரைச் சுடற?”

“யாரோ ஒருத்தனை.”

“பாவம். அவனுக்கு அம்மா இருப்பா இல்ல?” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

நடுவிரல் நாலு மாதத்தில் முழுசாக மடங்கியது. ஒன்றரை வருஷம் கழித்து இன்னொரு கம்பெனியில், கம்ப்யூட்டரில் ஷூ அளவு வரைகிற பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். அதற்குள் அதே கம்ப்யூட்டரில் வரையவும் பழகியிருந்தேன். சோல் ரப்பர் ஒட்டிய கீபேடைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். வரையச் சொன்னார்கள், வரைந்தேன். இன்றுவரை அந்த வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. சேதி சொல்லப் பாயிடம் ஓடினேன். “கம்பெனி மூடிட்டானுங்கன்னா இன்னா பண்ணுவ?” என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் போல ஓடியிருக்கும். பாய்க்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன. வாரம் இரண்டு முறை வேலூர் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். சனிக்கிழமை முறைக்கு நான் கூடப் போவேன். முதல் நாளே அந்த மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு நர்சைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இதுக்கு எஸ்எம்பிஎஸ் இன்னா போட்டிருக்காங்க?”

“தெரியல பாய். நீங்க ஆடாம படுங்க.”

“தெரியலயா! பேஜாரு.”

அந்த வார்டில் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொல்லிப் போவார்கள். பக்கத்துக் கட்டில்காரர், வாலாஜாவில் மளிகைக்கடை வைத்திருந்தவர், ஒரு நாள் மெதுவாகக் கேட்டார். “நமக்கெல்லாம் சரியாய்டுமா பாய்?”

“ஆவாது தோஸ்த்.”

அந்த மனிதர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து பாய்க்குப் பக்கத்துக் கட்டில்தான் வேண்டும் என்று மூன்று பேர் நர்சிடம் மல்லுக்கு நின்றார்கள்.

தன்னைப் பற்றியும் கணித்து வைத்திருந்தார். “வர்ற வெயிலைத் தாண்டமாட்டேன்.” வெயிலைத் தாண்டினார். மழையையும் தாண்டினார். கணக்குத் தப்பியதில் அவருக்கே கொஞ்சம் எரிச்சல். தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில், கடைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே கட்டிலில் உட்கார்ந்து முடிந்துபோனார். பள்ளிவாசலுக்குக் கொண்டுபோகையில் நானும் தோள் கொடுத்தேன். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன்.

சில மாதம் கழித்து, வேறு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று வேலூரில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். ஏசி குளிர்ந்தது. டை கட்டிய ஒரு பையன் சிரித்த முகத்தோடு ஒவ்வொன்றாகக் காட்டினான்.

“இதுல பிரச்சினையே வராதா தம்பி?” என்று கேட்டேன்.

“வரவே வராது சார். கவலையே படாதீங்க. எல்லாமே சூப்பரா இருக்கும்.”

நான் எதையும் வாங்கவில்லை. வெளியே வந்து, மத்தியான வெயிலில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு ஓரமாக நின்று, பாய்க்காக முதல் தடவையாக அழுதேன்.