எட்டுப் பேர் அசைக்க முடியாத டாங்கி

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். உண்மையை மட்டுமே சொல்லி மாட்டிக்கொண்டவன், எனக்குத் தெரிந்து, பதுளை மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. டவுனில் ஃபோட்டோ கொப்பி கடையில் வேலை. சனிக்கிழமை பின்னேரம் ஆனால் நண்பன் வீட்டு மேசையில் பொம்மை யுத்தம். ஏதோ ஒரு தூரத்து நூற்றாண்டு, ஏதோ ஒரு செத்த கிரகம். விரல் உயரச் சிப்பாய்கள், தாயக்கட்டை உருட்டிச் சண்டை. என் படையின் மானமெல்லாம் ஒரு கனரக டாங்கியில்தான் இருந்தது. பெயர் ‘இரும்பெருமை’. மூன்று பீரங்கி, முதுகில் புகைபோக்கி. எட்டுச் சிப்பாய்கள் ஒன்றாகப் பாய்ந்தாலும் அதை அசைக்க முடியாது என்பது ஆட்ட விதி. நிஜத்தில் அது ஒரு கையால் தூக்கும் அரை றாத்தல் பாண் அளவு. ஆறு மாதம் ஊசிமுனைத் தூரிகையால் அதற்குத் துருவும் சேறும் தீட்டியிருந்தேன். (புது வண்டிக்கு யாராவது காசு செலவழித்துத் துரு ஏற்றுவார்களா? நான் ஏற்றினேன்.)

இதெல்லாம் ஷீலாவுக்குத் தெரியாது. பசறைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அவளுடையது. அவள் அப்பா அந்தோணி தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பார்ப்பவர். எங்கள் கல்யாணப் பேச்சு அவருடைய ஒரே ஒரு சந்தேகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஆளு நல்ல ஆளுதான். வெளையாட்டுப் புள்ளயோன்னுதான் யோசிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தால் முடிவு சொல்வதாக இருந்தார். பிறகு தெரிவதைவிட முன்னாலேயே ஷீலாவிடம் எல்லாவற்றையும் காட்டிவிடலாம் என்று எனக்குத் திடீர் நேர்மை. வியாழக்கிழமை ஃபோன் போட்டேன்.

“வரும்போது ஒரு டாங்கி கொண்டு வாறேன் ஷீலா. ஆறு மாசமா அதுக்குத்தான் பாடுபட்டேன். பெரிய கனம். எட்டுப் பேர் சேந்தாலும் அசைக்க ஏலாது!”

அத்தோடு சிக்னல் போய்விட்டது. அவர்கள் லயத்தில் சிக்னல் கிடைப்பது ஜன்னல் கட்டையில் மட்டும். ஃபோனை அதில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்தோணி சவரம் செய்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறு காலை, சப்பாத்துப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதற்குள் இரும்பெருமையைப் படுக்கவைத்து பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டேன். லயத்தடிக்கு ஏறினால், வழியில் ஒரு வேலியைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். மேலே ஆண்கள் வரிசையாக நின்றார்கள். தோளில் கயிறு, கையில் மூங்கில். எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேர்.



அந்தோணி முன்னால் வந்தார். “லொறி எங்க தம்பி?”

“பஸ்லதான் வந்தேன் மாமா.” (வாக்குக் கிடைக்கும் முன்பே மாமா!)

“அப்ப டாங்கி?”

“கையிலயே இருக்கு.”

எட்டுப் பேரும் சப்பாத்துப் பெட்டியைப் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “மடிக்கிற டாங்கியோ?”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். அங்கே புதிதாக ஒரு சீமெந்து மேடை. மலைத்தண்ணீர் விழும் பீலியிலிருந்து ஒரு குழாய் அதன் தலைமாட்டுக்கு வந்து, வாயில் துணி அடைத்துக் காத்திருந்தது. சுற்றிலும் பெண்கள், வாளி, குடம். ஜெபம் பண்ண உபதேசியாரும் வந்திருந்தார்.

இருபது குடும்பத்துக்கு ஒரே பீலி. விடிந்தால் தண்ணீருக்கு வரிசை. அந்த லயத்தில் டாங்கி என்றால் ஒரே ஒரு பொருள்தான்: தண்ணீர்த் தொட்டி. அது என் மரமண்டைக்கு அந்த நிமிஷம்தான் ஏறியது.

“இங்கன வைங்க” என்றார் அந்தோணி.

ஓடியிருக்கலாம். கீழே தேயிலைதான், உருண்டிருக்கலாம். பெட்டியைத் திறந்து, இரும்பெருமையை மேடையின் ஓரத்தில் வைத்தேன்.

“இது என்ன தம்பி?”

“டாங்கி.”

“தண்ணி எதுல ஊத்துறது?”

“ஊத்தக் கூடாது மாமா. பெயிண்ட் போயிரும்.”

அந்த மனிதரின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. “வெளையாட்டா?” என்றார்.

நான் மகா உத்தமன் அல்லவா? “ஆமாங்க” என்றேன். “வெளையாட்டுதான். சனிக்கெழமையில வெளையாடுறது.”

ஷீலா கண்ணை மூடிக்கொண்டாள். எட்டுப் பேரும் மூங்கிலைக் கீழே போட்டார்கள். உபதேசியார் வேதாகமத்தைத் திறப்பதா வேண்டாமா என்று விரலை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தோணி திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். நாலு அடி. ஐந்து.

“மாமா, இது சாம்பிள்!” என்று கத்தினேன். “பெருசு அடுத்த ஞாயிறு வரும்!”

நின்றார். ஷீலா கண்ணைத் திறந்தாள். “எத்தன லீட்டரு?” என்று கேட்டாள். கேட்ட தோரணையில் நூறு, இருநூறு எல்லாம் என் தொண்டையிலேயே செத்துப்போயின.

“ஆயிரம்.”

“அது வரட்டும்” என்றார் அந்தோணி. “பேச்ச அப்புறம் பேசுவோம்.”

அந்த வாரம் என் சிப்பாய்கள், கிரகம், தாயக்கட்டை எல்லாம் நண்பனுக்கே விலைபோயின. அடுத்த ஞாயிறு லொறியில் கறுப்பு பிளாஸ்டிக் டாங்கி வந்தது. எட்டுப் பேரும் மறுபடி கயிற்றோடு நின்றார்கள். வெறும் டாங்கிதானே, இரண்டு பேர் உருட்டியே மேலே கொண்டுபோய்விட்டார்கள். மிச்ச ஆறு பேரும் என்னைப் பார்த்த பார்வையை நிரப்பி வைக்கத் தனியாக ஒரு டாங்கி வேண்டும். ஜெபம் முடிந்து துணியை இழுத்ததும் தண்ணீர் உள்ளே விழுந்தது. அந்தோணி அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, “டீ குடிச்சிட்டுப் போங்க மாப்பிள” என்றார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முதல் ஞாயிறு நான் இரும்பெருமையை வைத்த அந்த ஓரம் அன்று காலைதான் பூசியது, காயவில்லை. எடுத்தபோது அதன் சங்கிலித் தடம் இரண்டு கோடாகச் சீமெந்தில் பதிந்துவிட்டது. பூசி மறைக்க மாமா இன்றுவரை விடவில்லை. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார்.

“இந்தா பாருங்க, எங்க மாப்பிள டாங்கியிலதான் பொண்ணு பாக்க வந்தாரு.”