எண்பதைத் தாண்டினால் ஆடும்

"எத்தனையில ஆடுது சேர்?" என்று கேட்டார் பாவா.

"எண்பதைத் தாண்டினா ஆடுது. தொண்ணூறுல ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே முடியல. கையோட சேர்ந்து பல்லும் ஆடுது" என்றார் சுதாகரன்.

பாவா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மலைநாட்டு ஹட்டன் டவுனில் டயர் கடை வைத்துப் பழுத்த மனிதர். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"எண்பதுக்குள்ள?"

"எண்பதுக்குள்ள பட்டு மாதிரி போகுது."

"அப்ப எண்பதுக்குள்ளயே போங்களேன். இங்க எண்பதுல போறதுக்கு எங்க சேர் ரோடு இரிக்கி?"

கேள்வி நியாயமானதுதான். ஹட்டனிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும், ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். நாலாவது கியரைத் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் போடுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. ஆனால் சுதாகரன் ஹட்டன் ரோட்டைப் பற்றிப் பேசவில்லை. ஹைவேயைப் பற்றிப் பேசினார்.

டவுனுக்கு மேலே உள்ள தோட்டம் ஒன்றில் அவர் ஆபீஸ் கிளாக்கர். பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, தைப்பொங்கல் லீவில் மனைவி ஜீவராணிக்குக் கடல் காட்டக் கூட்டிப்போனபோதுதான் முதன்முதலாக ஹைவேயில் ஏறினார். வளைவே இல்லாத ரோட்டை வாழ்க்கையில் அன்றுதான் கண்டார். கால் தானாக அமுங்கியது. முள் நூற்றிப் பத்தைத் தொட்டது. ஜீவராணி டீச்சர், வகுப்பில் நாள் முழுக்கப் பேசுகிறவள். அவள் மாத்தறை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடலைப் பார்த்த பிறகும் பேசவில்லை. அவ்வளவு ரசித்துவிட்டாள் என்று சுதாகரன் பூரித்துப்போனார்.

அதற்குப் பிறகு பாவாவிடம் முன் டயர் இரண்டையும் மாற்றினார். அடுத்த தடவை ஹைவேயில் ஏறினால், எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் குளிர்க் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குகிறது.

மற்ற நேரமாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். மாசக் கடைசியில் ஜீவராணியின் தம்பி கஜேந்திரன் கத்தாரிலிருந்து வந்து இறங்குகிறான். "அத்தான் ஓட்டிக்கிட்டு வந்தா, நான் வீடு சேர்றதுக்குள்ள என் லீவு முடிஞ்சிரும், நான் வேன் பேசிக்கிறேன்" என்று வீடியோ கோலில் சொன்னான். அதைக் கேட்டு மாமியார் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கே சுதாகரன் முடிவு செய்துவிட்டார். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கடுவலை வரைக்கும் ஹைவேதான். கஜேந்திரனை முன் சீட்டில் உட்கார வைத்து நூறில் பறக்க வேண்டும். "கொஞ்சம் மெதுவா அத்தான்" என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்டுவிட்டால் போதும், இந்த ஜென்மத்தில் வேறு ஒன்றும் வேண்டாம்.

"சரி, பேலன்ஸ் பாப்போம்" என்றார் பாவா. "சக்கரத்துல ஒரு பக்கம் பாரமா இரிந்தா வேகத்துல துள்ளும். மத்தப் பக்கம் சின்ன ஈயத்துண்டு ஒட்டினாச் சமமாயிரும். அவ்வளவுதான் விசயம்."

சக்கரங்களைக் கழற்றி மெஷினில் ஏற்றிச் சுற்றினார். ஈயத்தை ஒட்டினார். மெஷின் சைபர் காட்டியது. அதைச் சுதாகரனைக் கூப்பிட்டே காட்டினார். பாவாவின் மகள் ரிஃப்னா ஜீவராணியிடம் படிக்கிறாள். அதனால் டீச்சர் வீட்டு வண்டி என்றால் அவருக்குத் தனிக் கவனம்.

"நீங்க போய் ஒரு ப்ளேன்டி குடிச்சிட்டு வாங்க சேர். நான் சக்கரத்தப் பூட்டி வெக்கிறேன்."

சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமே. பல்வலி என்று தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டு, வளைந்து வளைந்து மூன்று மணி நேரம் இறங்கிக் கடுவலைக்குப் போனார் சுதாகரன். ஹைவேயில் ஏறினார். எண்பத்தொன்றில் ஸ்டீயரிங் ஆடியது. அடுத்த வாசலில் இறங்கி, மறுபடியும் வளைந்து வளைந்து வீடு வந்து சேர்ந்தார்.

"ஆடுதா?" என்றாள் ஜீவராணி.

"ஆடுது."

"அடப் பாவமே." சுடச்சுட ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். "மெதுவா போனா ஆடாதுதானேங்க?"

"அதெல்லாம் ஒரு வைத்தியமா?"

"நான் சும்மா சொன்னேன்" என்று இன்னொரு ரொட்டியை வைத்தாள். கார் கெட்டுப்போனதிலிருந்து மனைவி இவ்வளவு அன்பாக இருப்பது சுதாகரனுக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டாம் தடவை பாவா முன் சக்கரத்தைப் பின்னாலும் பின் சக்கரத்தை முன்னாலும் மாற்றிப் பூட்டினார். பூட்டுகிற நேரம் சுதாகரனை மறுபடியும் ப்ளேன்டிக்கு அனுப்பினார். பல்வலி இந்தத் தடவை கண் பரிசோதனையாக மாறியது. கடுவலையில் ஏறியதும் ஸ்டீயரிங் ஆடவில்லை. சீட் ஆடியது. அதுவும் எழுபத்தைந்திலேயே ஆடத் தொடங்கியது. காரை நிறுத்தி இறங்கிய பிறகும் அவருக்கு இடுப்பு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

"நல்லதுதானே சேர், வியாதி பின்னுக்குப் போயிட்டு" என்றார் பாவா.

"எனக்கு வியாதி போகணும் பாவா. முன்னுக்கும் வேணாம், பின்னுக்கும் வேணாம்."

பாவா தலையைச் சொறிந்தார். "ஒரு வேள ரோட்டுல பிழை இரிக்குமோ?"

பழையபடியே சக்கரங்களை மாற்றிப் பூட்டிக்கொண்டு சுதாகரன் எரிச்சலோடு வீடு திரும்பினார். மூன்றாம் தடவை கடுவலைக்குப் போக உடம்பில் தெம்பு இல்லை. சொல்வதற்கு நோயும் மிச்சமில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ரோடு இல்லாவிட்டால் என்ன? முன் சக்கரங்களை மட்டும் தூக்கி நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே தொண்ணூறு ஓட்டிப் பார்த்தால் எது ஆடுகிறது என்று தெரிந்துவிடும்.

தோட்டத்தில் சமதரை என்று இருப்பது பெரட்டுக்களம் ஒன்றுதான். காலையில் ஆட்கள் வந்து நின்று, எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று கேட்டுக்கொண்டு போகிற இடம். மறுநாள் விடிந்ததும் சுதாகரன் காரை அங்கே கொண்டுபோனார். ஜாக்கியால் தூக்கி, பெக்டரியிலிருந்து எடுத்துவந்த விறகுக் கட்டைகளை அடியில் கொடுத்தார். பெரட்டுக்கு வந்த ஆட்கள் காரைச் சுற்றி வட்டம் கட்டினார்கள். கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் முன் வரிசையில் நின்றார்கள்.

சுதாகரன் உள்ளே ஏறி முடுக்கினார். சக்கரங்கள் காற்றில் பறந்தன. முள் எழுபதுக்கு ஏறியது.

கங்காணி சோலைமலை ஜன்னலருகே குனிந்தார். "கிளாக்கர் ஐயா, எங்கங்க போறீங்க?"

"எங்கயும் போகல."

"அதுக்கு எதுக்குங்க இம்புட்டு வேகம்?"

சுதாகரன் இன்னும் அமுக்கினார். முள் எண்பதைத் தாண்டியது. கார் முழுவதும் நடுங்கத் தொடங்கியது. "பார்த்தீங்களா, ஆடுது" என்று அவர் சந்தோசமாகச் சொல்லி முடிப்பதற்குள் விறகுக் கட்டை ஒன்று நழுவியது. காற்றில் ஓடிக்கொண்டிருந்த சக்கரம் தரையைத் தொட்டது. சோலைமலை அறுபது வயதில் அப்படித் தாண்டுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கார் பெரட்டுக்களத்தைத் தாண்டி, கொழுந்து நிறுக்கிற கொட்டிலின் ஒரு காலைச் சாய்த்துவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது.

நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சத்தம் கேட்டுத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்தார்.

"கிளாக்கர், தோட்டத்துக்குள்ள இருபதுக்கு மேல போகக் கூடாதுன்னு போர்ட் போட்டிருக்கு. நீங்க எத்தனையில போனீங்க?"

"போகலீங்க சார். நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எத்தனையில நின்னீங்க?"

சுதாகரன் தலையைக் குனிந்துகொண்டார். "தொண்ணூத்துலங்க சார்."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். துரை நெற்றியைப் பிடித்துக்கொண்டு பங்களாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

காரை இழுத்துப்போக வந்த பாவாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "சேர், நீங்க இப்பிடியெல்லாம் செய்வீங்கன்னு தெரிஞ்சிரிந்தா நான்..." என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் பேசாமல் கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.

ஜீவராணி அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. புருசனைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

"கார் கெடக்கட்டும். எனக்கு நீங்க முழுசா வேணும். வேன்லயே போயி தம்பியக் கூட்டிக்கிட்டு வருவோம்."

சுதாகரன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்படி ஒரு மனைவி கிடைத்தது நம் அதிர்ஷ்டம் என்று மனசார நினைத்தார். ஆனால் வேன் என்ற சொல்லைக் கேட்டதும் கஜேந்திரனின் சிரிப்பு காதில் விழுந்தது.

"இது ஒரு கடைசித் தடவை" என்றார். "பாவா எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்கட்டும். அவருக்கு மேல வேலை தெரிஞ்சவரு இங்க யாரு?"

ஜீவராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரிங்க. நானும் பாவாகிட்ட நல்லா பாக்கச் சொல்றேன்" என்றாள்.

கஜேந்திரன் வருவது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் கார் தயாரானது. பம்பர் நிமிர்ந்திருந்தது. தண்டுகள், மூட்டுகள், பிரேக் தட்டு எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து முறுக்கியாகிவிட்டது என்றார் பாவா. மெஷின் மறுபடியும் சைபர் காட்டியது. சுதாகரன் மறுபடியும் ப்ளேன்டி குடித்துவிட்டு வந்து, காரை எடுத்துக்கொண்டு கொட்டகலைப் பக்கம் கிளம்பினார். வழியில் ஒரு துண்டு நேர்ப்பாதை உண்டு. சும்மா ஒரு மிதி மிதித்துப் பார்த்தார்.

அறுபதில் ஆடியது.

முதலில் அவருக்குக் கொஞ்சம் சந்தோசம்கூட வந்தது. இனிச் சோதித்துப் பார்க்கக் கடுவலை வரைக்கும் போக வேண்டியதில்லை. அடுத்த நிமிசம் கஜேந்திரனின் நினைவு வந்தது. அந்த இடத்திலேயே காரைத் திருப்பி, ஆட ஆட பாவா கடைக்கு வந்து சேர்ந்தார்.

கடையில் பாவா இல்லை. பாவாவின் மனைவி ரஸீனா, மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு ஜும்ஆ தொழுகைக்குப் போயிட்டாரு சேர். என்ன, வண்டி சரியா?"

"என்ன சரி? ஈயம் ஒட்டியாச்சு, சக்கரம் மாத்தியாச்சு, எல்லாத்தையும் பிரிச்சுப் பூட்டியாச்சு. தொரைகிட்டப் பேச்சும் வாங்கியாச்சு." சுதாகரனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "இப்ப என்னன்னா அறுபதுலயே ஆடுது. நாளன்னிக்கு மச்சினன் முன்னால நான் எப்பிடிங்க மூஞ்சியக் காட்டுறது?"

ரஸீனா சுளகைக் கீழே வைத்தாள். அவளுக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாகிவிட்டது.

"அறுபதுலயேவா? டீச்சர் எண்பதுக்கு மேல ஆடினாப் போதும்னுதானே ஒவ்வொரு தடவையும் மககிட்ட சொல்லி விடுறாங்க. இந்தத் தடவ இவரு ஈயத்தக் கூடுதலாக் கழட்டிட்டாரு போல."