லஸ் முனையில் ஒரு பீப்பாய்

கபாலி கோயில் குளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சத்தியம் செய்யத் தயார். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த வருஷம் குளத்தில் கணுக்கால் நனையவும் தண்ணீரில்லை என்பது வேறு விஷயம்.

சாந்தோம் மரியதாஸ் வாத்தியார் வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நானம். தூத்துக்குடிச் சம்பந்திகள் முகம் கழுவக்கூட வழியில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நேற்று வரை ததும்பிய கிணற்றில் காலையில் சேறுதான் வந்தது. மானம் போகிறதே என்று தண்ணீர் தேடி ஓடிய வாத்தியார், ஆழ்வார்பேட்டையில் தண்ணீர்க்கார மண்ணாங்கட்டியின் பீப்பாய் மாட்டுவண்டியைக் கண்டார். கேள்விமுறையே இல்லை, தாவி ஏறினார்.

"சாந்தோமுக்கு விடு."

"நானும் அங்கதான் போறேன் நைனா. ஆனா ஒரு விசயம்..."

"பேசாம ஓட்டுப்பா."

லஸ் முனையில், டிராம் தண்டவாளத்தின் மேல் மாடு படுத்துக்கொண்டது. பின்னால் டிராம். அதன் பின்னால் ஜட்காக்கள், பஸ், ஒரு கல்யாணக் கோஷ்டி.

"மாட்டுக்குத் தாகம் நைனா."

"இருக்கட்டும். பீப்பாயில எவனும் கை வைக்கக் கூடாது."

மண்ணாங்கட்டி அவரை ஒரு மாதிரி பார்த்தான்.

வண்டியைத் தள்ள டிராமிலிருந்து நாலு பேர் இறங்கி ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். ரேஷன் காலத்துப் பட்டணம் அல்லவா? வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிட்டு, எதற்கென்று பிறகு கேட்பதுதான் வழக்கம். கொஞ்ச நேரத்தில் குடங்களோடு வரிசை குளக்கரை வரை போய்விட்டது.

"இது கார்ப்பரேஷன் தண்ணி இல்ல. என் சொந்தத் தண்ணி!" என்றார் வாத்தியார்.

"சொந்தத் தண்ணிய தர்மமா குடுக்கிறாராம்டி," என்றாள் முன்னால் நின்ற முனியம்மாள்.

வரிசை மந்தைவெளியைத் தொட்டது.

"ஐயோ, ஞானஸ்நான வீட்டுக்கும்மா இது."

"மந்திரிச்ச தண்ணியா சாமி?"

உடனே நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். ஜட்கா மெஹபூப் அலி, தன் நொண்டிக் குதிரைக்கு ஒரு கை தெளித்தால் போதும் என்றார். அடையாறு பாலத்தில் நின்றவர்களுக்கு எதற்காக நிற்கிறோம் என்றே தெரியாது. ஆனாலும் யாரும் இடத்தை விடவில்லை.

போலீஸ்காரர் துரைராஜ் வந்தார். "தொறந்து வுட்ரு சார். இல்லாட்டி கலாட்டா ஆயிடும்."

வாத்தியார் பீப்பாயைக் கட்டிக்கொண்டார். சம்பந்திகளின் கழுவாத முகங்கள் கண்முன் வந்து நின்றன.

"என்னைக் கொன்னுட்டு எடுத்துக்குங்க."

மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டபடி மண்ணாங்கட்டி நிதானமாகச் சொன்னான்:

"அப்பலேர்ந்து சொல்ல வரேன், நைனா வுட மாட்றாரு. பீப்பா காலி. சாந்தோமுல எவனோ வாத்தியார் வூட்டுக் கெணறாம், விடியக்காலம் சேறு தெரியற வரைக்கும் எறச்சு வித்துட்டேன். மறுபடி ஊறிகீதான்னு பாக்கத்தான் போய்க்கினு கீறேன்."