பசை அண்ணன் கற்ற சீன வார்த்தை

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் பசை அண்ணனைப் போல மற்றவர்களை அசர வைக்கும் மாணவர் கிடையாது. எங்கள் ஷூ கம்பெனியில் அடிப்பாகத்துக்குப் பசை தடவுபவர். ஐம்பது வயது. பயிற்சி கொடுக்க வந்திருந்த சீனத்து மாஸ்டரம்மாவிடம் வாரம் ஒரு வார்த்தை கேட்டு வாங்குவார். அதைப் பத்துப் பேரிடம் சொல்லிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகமாட்டார். அந்தப் பத்தில் நாலு தடவை நான்தான். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். பாடம் என்றாலே பயம்.

ஒரு வாரம் ‘ஷின்கூ லெ’ வந்தது.

“‘ரொம்பப் பாடுபட்டுட்டீங்க’ன்னு அர்த்தம் தங்கச்சி. நன்றி மாதிரி, ஆனா நன்றி இல்ல.”

காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதுமே டிரைவரிடம் சொன்னார். அர்த்தம் கேட்ட டிரைவர், “யோவ், நான் இன்னும் வண்டியவே எடுக்கல!” என்றார். சிறுவாச்சூர் கோயிலில், வரிசையில் நின்று களைத்து வெளியே வந்த ஒரு அம்மாவிடம் சொல்ல, அவர் அதை மந்திரம் என்று நினைத்து, பயபக்தியோடு திருநீற்றுக்குக் கை நீட்டினார். வீட்டில் குடத்தை இறக்கிய மனைவியிடம் சொன்னார். “இத தமிழ்ல சொல்ல இருவது வருஷமா வாய் வரலயாக்கும்?” என்றாராம்.

வேலை முடிந்த பிறகுதான் அதைச் சொல்ல வேண்டும் என்று மாஸ்டரம்மா, செல்போன் மொழிபெயர்த்துச் சொன்ன தமிழில் திருத்தினார்.

அந்த வாரக் கடைசியில் என் தலையில் இடி. ஒரு கூடை முழுக்க, வலது கால் மேல்தோலில் இடது கால் பட்டையைத் தைத்துவிட்டேன்.

“இன்னிக்கே பிரிச்சுத் தைக்கலன்னா நாளைக்கு மெஷின்ல உக்காராத,” என்றார் சூப்பர்வைசர். மெஷின் போனால் எனக்கு வேறு வேலை தெரியாது. மூன்று தடவை கோத்தும் ஊசியில் நூல் ஏறவில்லை.

ஷிப்ட் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்கு ஓட, பசை அண்ணன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

“அண்ணே, வண்டி போயிடும்!”

“போவட்டும். நீ தையி.”

பசை படிந்த விரலில் நூல் ஒட்டிக்கொள்ள, அதைத் திட்டிக்கொண்டே பிரித்தார். பஸ் போனது. கூடையும் முடிந்தது.

மாஸ்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, என்னிடம் தலையசைத்தார். மெஷின் தப்பியது. பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “ஷின்கூ லெ” என்றார்.

ஊரெல்லாம் அதைச் சொல்லித் திரிந்த மனிதர் திருதிருவென்று விழித்தார்.

“இதுக்கு என்னா தங்கச்சி பதில் சொல்லணும்? அத நான் கேட்டு வாங்கலயே!”

ரோட்டோரம் டவுன் பஸ்ஸுக்காக நின்றோம். எதற்கும் பயப்படுகிற நான், பஸ் வருமா என்று அன்றைக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.