நாளைப் பேப்பர் சாமி

1931ஆம் வருஷம் ஆம்பூரில் மூன்று சங்கதிகள் ஏறிக்கொண்டே போயின. வெயில், தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையின் விலை, நாளைப் பேப்பர் சாமியின் மகிமை. முதல் இரண்டும் மழை பெய்தால் இறங்கிவிடும். மூன்றாவது இறங்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பாலாற்றங்கரை மாந்தோப்பில் கால் வைக்க இடம் கிடையாது. வாணியம்பாடியிலிருந்தும் நாட்றம்பள்ளியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மற்றச் சாமியார்கள் மோட்சத்துக்கு வழி சொல்வார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து யாரும் புகார் செய்வதில்லை. இந்தச் சாமி அப்படித் தப்பித்துக்கொள்ளும் ஆள் அல்ல. மறுநாள் காலையில் 'பாலாறு தூதன்' வாரப் பத்திரிகையில் என்ன செய்தி வரும் என்று முதல் நாளே கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சனிக்கிழமை பேப்பர் வரும். சாமி சொன்னது அப்படியே இருக்கும். ஜனங்கள் பேப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

போர்டு எலெக்ஷனுக்கு நின்ற இரண்டு பேரும் வந்து மாலை போட்டார்கள். இரண்டு பேருக்கும் "வெற்றி உன் வாசலில் நிற்கிறது" என்று வாக்கு வந்தது.

இதைப் பற்றி ஆதிகேசவன் 'பாலாறு தூதனி'ல் வாராவாரம் எழுதும் தம் பத்தியில் ஒரு வரி எழுதினார்: "ஒரு நாற்காலிக்கு இரண்டு வெற்றி. போர்டார் நாற்காலியை விற்றுவிட்டு பெஞ்சு வாங்குவது நல்லது." ஆசிரியர் சம்பத் அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டார்.

ஆதிகேசவன் ஆம்பூர் ஸ்டேஷனில் முப்பது வருஷம் கூட்ஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டையில் என்ன எழுதியிருந்தாலும் தராசில் ஏற்றாமல் நம்பாதவர். எலெக்ஷன், டாக்கீஸ், மோட்டார் பஸ் இவற்றில் எதன் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. "அந்தக் காலத்தில் வரி கட்டினால் தெருவிளக்கு எரியும் என்றார்கள். இந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டால் எரியும் என்கிறார்கள். விளக்கு மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் அணைந்தே இருக்கிறது" என்று எழுதுகிற பேர்வழி. கோயிலுக்குத் தவறாமல் போவார். அங்கே இருக்கிற சாமி பேசாது என்பதே அவருக்கு அதனிடம் மிகவும் பிடித்த குணம்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவரும் தோப்புக்குப் போனார். சாமி கண்ணை மூடி, உடம்பை உலுக்கி, "ஜூன் முப்பத்தொன்றாம் தேதி கலெக்டர் துரை இந்த மண்ணை மிதிப்பார்" என்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் பேப்பரிலும் 'ஜூன் 31, கலெக்டர் விஜயம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கூட்டம் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஆதிகேசவன் மட்டும் விரல் முட்டியில் மாதத்தை எண்ணிப் பார்த்தார். ஜூனுக்கு முப்பதே நாள். அச்சுக் கோக்கிறவன் கைதவறி வைத்த எழுத்து சாமியின் ஞானக்கண்ணுக்கும் தவறாகவே தெரிந்திருக்கிறது. கடவுளுக்குப் பிழை திருத்தத் தெரியாதா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. அடுத்த வாரம் அமிர்தவள்ளி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். டேனரியில் தோல் சுமக்கிறவள். அவள் புருஷன் காசி, அங்கேயே தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுக்கிற வேலைக்காரன்.

"ஐயா, குழியில ஊறப் போட்ட தோலு அம்பது கெட்டுப்போச்சு. மேஸ்திரி பெருமாள் போய் சாமியக் கேட்டாரு. இடது கையில தழும்பு இருக்கறவன் ராசிகெட்டவன், அவன வெளிய அனுப்புன்னு சொல்லிடுச்சாம். எங்க ஊட்டுக்காரன நிறுத்திட்டாங்க."

"கத்தி புடிக்கிற வேலையில தழும்பு இல்லாதவன் யாரு?"

"அதான் ஐயா. எல்லாருக்கும்தான் இருக்குது. இவரு பேருக்குத்தான் வந்து விடிஞ்சிருக்குது. இப்ப பக்கத்து டேனரிக்குப் போனாலும் ராசிகெட்டவன்னு கதவச் சாத்தறாங்க. சேரியில தண்ணி கொடுக்கவே யோசிக்கிறாங்க. அந்த ஆளு மூணு நாளா சோறு திங்கல."

அவள் முந்தானையிலிருந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்தாள். சாமியின் காலில் விழுந்து கெஞ்சியதற்கு, ஆசனத்து மான்தோலுக்கு அடியிலிருந்து உருவிய தாளில் மடித்துக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா பாருங்க, இத வாங்குனதும் கையெல்லாம் மை."

ஆதிகேசவன் பிரித்துப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள். பிழை திருத்துவதற்காக அச்சகத்தில் எடுக்கிற முதல் பிரதி. அதில் இருந்தது அவருடைய சொந்தப் பத்தி. வெட்டப்பட்ட வரியின் மேல் சம்பத்தின் சிவப்பு மைக் கோடு.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வியாழக்கிழமை அச்சுக் கோத்த தாள் அன்றே தோப்புக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை அது அருள்வாக்காகிறது. சனிக்கிழமை, சாமி சொன்னது சரிதானா என்று பார்க்க ஊரே பேப்பர் வாங்குகிறது. பேப்பரால் சாமி வளர, சாமியால் பேப்பர் வளர்ந்தது. நடுவில் காசி சோறில்லாமல் கிடந்தான்.

தாளைக் காட்டி நியாயம் கேட்டால், சாமி பத்திரிகையை விபூதியால் ஆசீர்வதித்தது என்பார்கள். அதனால் அவர் வேறு ஒரு யோசனை செய்து மனைவி பட்டம்மாளிடம் சொன்னார்.

"இன்னாங்க இது பேஜாரு? செத்துப் போனதா நீங்களே தந்தி அடிப்பீங்களா?"

"பொய்ச் செய்தி ஒண்ணு வேணும். ஊருல வேற யாரையாச்சும் சாகடிச்சா பாவம். நான்தான் சும்மா இருக்கேன்."

"நான் அழ மாட்டேன். பொட்டையும் எடுக்க மாட்டேன். யாராச்சும் வந்து கேட்டா உள்ளதச் சொல்லிடுவேன்."

"தாராளமாச் சொல்லு. ஒருத்தன் வந்து கேட்டுட்டான்னா இந்த ஊரு உருப்படும்னு நம்பிக்கை வந்துரும் எனக்கு."

வியாழக்கிழமை காலை ரயிலில் வாலாஜாபேட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சம்பத்துக்குத் தந்தி கொடுத்தார். ஆதிகேசவன் மாரடைப்பால் காலமானார். அடியில் 'நண்பர்' என்று மட்டும் இருந்தது.

எந்த நண்பர் என்று சம்பத் கேட்கவில்லை. அவருடைய அச்சகத்துக்கும் ஆதிகேசவன் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. போயிருந்தால் பட்டம்மாள் மாவாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். ஆனால் பத்திரிகை ஆசிரியருக்கு நடக்க ஏது நேரம்? உட்கார்ந்து அரைப்பக்கம் இரங்கல் எழுதித் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை பாசஞ்சரில் திரும்பிய ஆதிகேசவன், துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு நேரே தோப்புக்குப் போனார். அவர் முன்பே சொல்லி வைத்தபடி அமிர்தவள்ளியும் காசியும் சாமியின் ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மேஸ்திரி பெருமாள் முன் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

சாமி கண்ணை மூடியது. உடம்பு குலுங்கியது.

"ஒரு பேனா ஓய்ந்தது. வாலாஜாபேட்டையில், நேற்று, மாரடைப்பில். ஆதிகேசவன் என்னும் ஆத்மா என் கண் முன்னால் விண்ணுக்கு ஏறிப் போகிறது."

பெண்கள் சிலர் அழுதார்கள். ஆதிகேசவனுக்கு அது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"சாமி, போற நேரத்துல அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

"சொன்னான் குழந்தாய். 'பாலாறு தூதனை எல்லோரும் வாங்கிப் படியுங்கள்' என்று சொல்லிக் கண்ணை மூடினான்."

ஆதிகேசவன் முக்காட்டை எடுத்துவிட்டு நடந்து முன்னால் வந்தார்.

"சாமி, நான் சாகவே இல்ல. செத்தாலும் அப்படி ஒரு வார்த்தை என் வாயில வராது."

சாமி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. அடுத்த கண்ணும் தானாகத் திறந்துகொண்டது.

"இது ஆவி" என்றது சாமி.

"ஆவிதான். ரெண்டே முக்கால் பாசஞ்சர்ல டிக்கெட் எடுத்து வந்த ஆவி" என்று டிக்கெட்டின் மறுபாதியை எடுத்துக் காட்டினார் ஆதிகேசவன்.

அதற்குள் அமிர்தவள்ளி குனிந்து ஆசனத்தின் மான்தோலைத் தூக்கினாள். தோல் தூக்கிப் பழகிய கை. அடியில் நான்காக மடித்த தாள் இருந்தது. ஆதிகேசவன் அதை வாங்கி உரக்கப் படித்தார். ஓய்ந்த பேனா, விண்ணுக்கு ஏறிய ஆத்மா, கடைசி வார்த்தை, எல்லாம் அச்சில் வரிக்கு வரி இருந்தன. சாமி மனப்பாடம் செய்ததில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அந்த மட்டும் அதன் உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும்.

அமிர்தவள்ளி பெருமாளைப் பார்த்துத் திரும்பினாள்.

"மேஸ்திரி, செத்துட்டாருன்னு சொன்ன ஆளு உங்க எதுருல நிக்கிறாரு. எங்க ஊட்டுக்காரன் ராசிகெட்டவன்னு சொன்னதும் இதே வாயிதானே?"

பெருமாள் தலையைச் சொறிந்தார். "தோலு கெட்டது இன்னாத்துக்குன்னு..."

"சுண்ணாம்பு கம்மி மேஸ்திரி" என்றான் காசி. வேலை போனதிலிருந்து அவன் ஊரார் முன்னால் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "அப்பவே சொன்னேன். நீங்க சாமியக் கேக்கப் போய்ட்டீங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அடி விழுந்திருந்தால் சாமி தியாகியாகியிருக்கும். சிரிப்புக்கு அதனிடம் மந்திரம் இல்லை. இருட்டுவதற்குள் தண்டத்தையும் விட்டுவிட்டு ஜோலார்பேட்டைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காசி வேலைக்குப் போனான். குழியில் சுண்ணாம்பைக் கூட்டினார்கள். தோல் கெடவில்லை.

ஆனால் பேப்பர் வெள்ளிக்கிழமை மத்தியானமே அச்சாகி முடிந்திருந்தது. சனிக்கிழமை காலை இரங்கலோடு வெளிவந்து, என்றைக்கும் இல்லாதபடி விற்றது. அதற்கு அடுத்த இதழுக்குச் சம்பத் ஒரு தலைப்பும் தயார் செய்துவிட்டார்: 'போலிச் சாமியாரின் முகமூடியைக் கிழித்தது நமது தூதன்.'

"அந்த முகமூடியத் தைச்சுக் கொடுத்தது யாரு சம்பத்து?" என்று கேட்டார் ஆதிகேசவன்.

"அண்ணே, பழசக் கிளறாதீங்க. உங்க பத்தி எப்ப வருது?"

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கணியம்பாடியிலிருந்து ஒரு விவசாயி துக்கம் விசாரிக்க வந்தார். கையில் பேப்பர். வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆதிகேசவனிடமே, "ஆதிகேசவன் ஊடு இதானே?" என்று கேட்டார்.

"நான்தான் ஆதிகேசவன்."

விவசாயி அவரைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார்.

"பேப்பர்ல போட்டிருக்காங்களே."

"தப்பாப் போட்டுட்டாங்க. தொட்டு வேணா பாருங்க."

வந்தவர் தொடவில்லை. பேப்பரைப் பத்திரமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "எதுக்கும் அடுத்த வாரப் பேப்பரப் பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆதிகேசவன் அன்றே உட்கார்ந்து அடுத்த வாரப் பத்தியை எழுதினார். அவர் எழுதியதில் மிகச் சிறியது அதுதான்:

"நான் உயிரோடு இருக்கிறேன். அச்சில் வந்துவிட்டது என்பதற்காக இதையும் நம்பிவிடாதீர்கள். வந்து பார்த்துவிட்டுப் போங்கள்."