பச்சைப் பாக்கெட்டும் ஆரஞ்சு விளக்கும்

நிலாப் பண்டிகைக்குள் குடும்பத்தின் அத்தனை போட்டோவையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து, டிவியில் ஓடவிட்டே தீருவது என்று லியாவ் செங்-தே சபதம் செய்தார். தனியாக உட்கார்ந்து சபதம் செய்திருந்தால் பிழைத்திருப்பார். மனைவி மின்-ஜூவுக்கு எதிரில், எதிர் வீட்டு கோ அக்காவையும் வைத்துக்கொண்டு செய்தார்.

"ஓடலைன்னா?" என்றாள் மின்-ஜூ, பம்ப்ளிமாஸ் பழத்தை உரித்தபடி.

"ஓடும்."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா அந்தச் சின்ன ரூமை நீயே எடுத்துக்கோ. மாஜாங் மேசை போட்டுக்கோ. போதுமா?"

மின்-ஜூ பழத்தைக் கீழே வைத்தாள். "கோ அக்கா, காதுல விழுந்துச்சா?"

"எனக்கு ஒரு காது மந்தம்தான். ஆனா இது ரெண்டு காதுலயும் விழுந்துச்சு" என்றாள் கோ அக்கா.

அந்தச் சின்ன அறைக்காக இரண்டு வருஷமாக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தைப்பேயில் ஒரு அறை என்பது ஊர்ப்பக்கத்தில் ஒரு தோப்பு மாதிரி. செங்-தே அதற்குக் 'கட்டுப்பாட்டு அறை' என்று பெயர் வைத்திருந்தார். உள்ளே உயிர்விட்ட மோடம்கள், எதற்கும் பொருந்தாத வயர்கள், ஒரு சுழல் நாற்காலி. மின்-ஜூ, கோ அக்கா, இன்னும் இரண்டு தோழிகள் என்று பெண்கள் நாலு பேரும் அதுவரை கோ அக்கா வீட்டில்தான் மாஜாங் என்கிற சீனக் கட்டை ஆட்டம் ஆடினார்கள். இப்போது அங்கே கோ அக்காவின் மகள் கைக்குழந்தையோடு வந்து இறங்கிவிட்டாள். மாஜாங் கட்டைகளைக் கலைக்கிற சத்தத்துக்குக் குழந்தை வீறிட, ஆட்டம் அந்தரத்தில் நின்றுபோயிருந்தது. மாஜாங் இல்லாத மின்-ஜூவோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று செங்-தேவைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் அறையை விட மனசு வரவில்லை.

செங்-தே வேலை பார்ப்பது ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில். அங்கே பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் முதலில் அதன் பக்கத்தில் போய் நிற்பவர் இவர்தான். எடுப்பது வேறு யாரோ. இருந்தாலும், நின்ற அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே.

பெட்டி வந்தது. வீட்டு வைஃபையோடு சேர்த்துவிட்டால் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் விழுங்கி வைத்துக்கொண்டு, கேட்கிற போனுக்கும் டிவிக்கும் கொடுக்கிற பெட்டி. ஆனால் வாங்கும்போது அதன் வயிறு காலி. ஹார்ட் டிஸ்க்கைத் தனியாக வாங்கிப் போடவேண்டும். எந்தெந்த டிஸ்க் இந்தப் பெட்டிக்கு ஒத்துப்போகும் என்று கம்பெனிக்காரன் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். செங்-தே கணினிச் சந்தைக்குப் போய், எது பளபளவென்று இருந்ததோ அதில் இரண்டு வாங்கி வந்தார்.

மாட்டினார். பட்டனை அமுக்கினார். பெட்டி 'பீப்' என்றது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. போன் திரையில் நாலு வரிச் செய்தி வந்தது: டிஸ்க்கின் ஃபர்ம்வேர், அதாவது டிஸ்க்குக்கு உள்ளேயே இருக்கிற அதன் சொந்த மூளை, பழசு, புதுப்பித்தால்தான் சேர்த்துக்கொள்வேன். செங்-தே முதல் வரியிலேயே மூடிவிட்டார். குறிப்பைப் படித்து வேலை செய்வது அவருக்கு மாமியார் வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்கிற மாதிரி. கௌரவக் குறைச்சல்.

தவிர, கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பாக்கெட் வைக்கவில்லை!

அந்த ஊரில் பாங்கு கம்ப்யூட்டர் ஆகட்டும், ஆஸ்பத்திரி மெஷின் ஆகட்டும், தலையில் ஒரு பாக்கெட் தேங்காய்ப் பொரி இல்லாமல் ஓடாது. அந்தத் தீனியின் பெயருக்கே 'சமர்த்தாக இரு' என்று அர்த்தம். பாக்கெட் பச்சையாக இருக்கவேண்டும். தேதி கடந்திருக்கக் கூடாது. பிரிக்கவே கூடாது. என்ஜினீயரிங்கில் பட்டம் வாங்கினவர்கள் எல்லாம் பயபக்தியோடு செய்கிற காரியம் இது.

கீழ்க் கடையில் பச்சை தீர்ந்துபோயிருந்தது. அவசரத்துக்கு மஞ்சளை வாங்கி வைத்தார். விளக்கு ஆரஞ்சாகவே இருந்தது.

"மஞ்சள் வெச்சா ஆரஞ்சுதான் எரியும். சிவப்பு வெச்சிருந்தா வீடே எரிஞ்சிருக்கும்" என்றார்.

"அந்த மெசேஜ்ல என்னமோ ஃபர்ம்வேர்னு போட்டிருந்துச்சே, படிச்சியா?"

"மின்-ஜூ, இது ரைஸ் குக்கர் இல்ல. நீ தலையிடாத."

"கம்ப்யூட்டர்ல மாட்டி மாத்தணுமாமே? என் லேப்டாப் வேணும்னா எடுத்துக்கோ."

"பாதியில கரண்ட் போச்சுன்னா டிஸ்க் செத்துச் செங்கல்லாயிடும், தெரியுமா? செங்கல்!"

"இங்க எப்போ கரண்ட் போச்சு?"

"நீ ஹேர் டிரையரையும் ஓவனையும் சேர்த்துப் போடுறப்பல்லாம் போகுது!"

"லியாவ் செங்-தே" என்றாள் மின்-ஜூ. அவள் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அடுத்து பச்சை கிடைத்தது. தேதி போன மாசமே முடிந்திருந்தது. ஊரெல்லாம் அலைந்து நல்ல பச்சை ஒன்று கொண்டுவந்தார். அதற்கும் பெட்டி மசியவில்லை. கடைசியில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கேபிள் குறுக்கே போவதால் அந்தக் கதவு முழுசாகச் சாத்தாது. பெட்டிக்கு எதிரில் நின்று, கைகூப்பி, மூன்று தரம் குனிந்து, "மானத்தைக் காப்பாத்துப்பா, அவ ரூமைப் பிடுங்கிடுவா" என்று முறையிட்டார்.

பெட்டி 'பீப்' என்றது.

அன்றோடு அதை அணைத்து, மேலே துண்டைப் போர்த்தி, பச்சைப் பாக்கெட்டை உச்சியில் வைத்தார். "டிஸ்க் செட்டாகணும். யாரும் தொடக்கூடாது" என்று உத்தரவும் போட்டார்.

சாயங்காலம் ஆனால் குப்பை லாரி பாட்டுப் பாடிக்கொண்டு தெருவுக்குள் வரும். வீட்டுக்கு ஒருவர் பையோடு ஓடவேண்டும். இந்த வீட்டில் ஓடுகிறவர் செங்-தே. குப்பையை எறிந்ததும் ஏறி வருகிற பழக்கம் அவருக்கு இல்லை. லாரி அடுத்த தெருவுக்குப் போன பிறகும், இரண்டாம் மாடிக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று பாடம் நடத்துவார். ஏதோ தானே அந்தச் செய்தியைப் படித்தவர்போல.

ஒரு நாள் அப்படிப் பாடம் நடத்திவிட்டு மேலே வந்தால், மின்-ஜூவின் லேப்டாப் கொதித்துக்கொண்டிருந்தது. சீரியல் பார்த்திருப்பாள். ஸ்க்ரூடிரைவர் சோயா சாஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க என்றைக்குத்தான் கற்றுக்கொள்வாளோ என்று அலுத்துக்கொண்டு, அதை எடுத்து உள்ளே வைத்தார்.

பண்டிகையும் வந்தது. வாசலில் அடுப்பு மூட்டி, கட்டட ஜனமே கறியும் சோளமும் சுட்டுத் தின்றது. செங்-தேவுக்கு மட்டும் ஒன்றும் இறங்கவில்லை. கட்டுப்பாட்டு அறை கண்ணெதிரில் கைநழுவிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. பச்சை விளக்கு.

நழுவி மேலே போனார். நூறு போட்டோவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, டிவிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் சொருகினார். டிவியின் முதுகை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

பெண்கள் வந்து உட்கார்ந்ததும் ரிமோட்டை அமுக்கினார். கல்யாணப் போட்டோ வந்தது. மகள் பல் விழுந்த வாயோடு சிரித்தாள். கடற்கரை, பிறந்தநாள், பட்டமளிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

"அடேயப்பா! எல்லாம் பெட்டியிலேருந்தா வருது?" என்றாள் கோ அக்கா.

"எல்லாமே பெட்டிதான் அக்கா. ரெண்டு டிஸ்க்கும் குதிரை மாதிரி ஓடுது."

"நெஜமாவா?" என்றாள் மின்-ஜூ.

"வேணும்னா போய்ப் பாரு. ஆனா தொடாத. சூடா இருக்கும்."

மின்-ஜூ போனாள். திரும்பி வந்தாள். கையில் பெட்டி. அதன் வயர் தரையில் வால் மாதிரி இழுபட்டு வந்தது. சோபாவில் உட்கார்ந்து, அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். டிவியில் போட்டோக்கள் சளைக்காமல் மாறிக்கொண்டே இருந்தன.

கோ அக்கா எட்டிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சில்லுனு இருக்கே, தம்பி."

செங்-தே வாயைத் திறந்தார். "வயர்லெஸ்" என்றார்.

சிரிப்பில் தேநீர் யார் மூக்கிலெல்லாமோ ஏறியது. மின்-ஜூ மட்டும் சிரிக்காமல் எழுந்து, பென் டிரைவைப் பிடுங்கி அவர் சட்டைப்பையில் போட்டாள். பெட்டியை மறுபடி கரண்டில் சொருகினாள். 'பீப்' வரவில்லை. பச்சை விளக்கு, வெற்றிலை நிறத்தில், ஆடாமல் அசையாமல் எரிந்தது.

"எப்படி?" என்றார் செங்-தே.

"படிச்சேன். லேப்டாப்ல மாட்டினேன். மாத்தினேன். நீ கீழ அவருக்கு ஃபர்ம்வேர் பாடம் நடத்தி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு டிஸ்க்கும் முடிஞ்சுது."

"அப்போ... ஓடுது! பண்டிகைக்குள்ள ஓடுது! நான் ஜெயிச்சேன்!"

"நீ ஓட வைக்கிறேன்னுதான் சபதம்" என்றாள் மந்தக் காதுக்காரி கோ அக்கா. "ரெண்டு காதுலயும் விழுந்துச்சே."

மின்-ஜூ பச்சைப் பாக்கெட்டை எடுத்து, படக்கென்று கிழித்தாள்.

"ஐயோ! பெட்டி நின்னுடும்!"

நிற்கவில்லை. பொரி கைக்குக் கை மாறியது. மின்-ஜூ தன் போனைத் தட்ட, டிவியில், இந்த முறை நிஜமாகவே பெட்டியிலிருந்து, ஒரு வீடியோ தொடங்கியது. பாதி சாத்தின கதவின் இடுக்கு. அதற்கு அப்பால் ஒரு மனிதர் கைகூப்பி மூன்று தரம் குனிகிறார். 'மானத்தைக் காப்பாத்துப்பா...'

"இதைத் திரும்பப் போடு, திரும்பப் போடு!" என்று மூன்று பெண்களும் கூவினார்கள்.

அரை மணியில் மோடம்கள் பால்கனிக்குப் போயின. மாஜாங் மேசை உள்ளே போனது. சுழல் நாற்காலியில் கோ அக்கா உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

செங்-தே கூடத்து மூலையில் ஒதுங்கி, போனை எடுத்து, அந்த வீடியோவைத் தேடிப் பிடித்து, 'அழி' என்பதை அமுக்கினார்.

திரையில் செய்தி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு செய்தியைக் கடைசி வரை படித்தார்: 'நீங்கள் விருந்தினர். எதையும் அழிக்க உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியை அணுகவும்.'

உள்ளே கட்டைகளைக் கலைக்கிற சத்தம் நின்றது. "செங்-தே," என்று நிர்வாகி கூப்பிட்டாள், "தேநீர் ஆறிப்போச்சு."