எண்பத்தஞ்சு பாய் ஹூடு தேடிய கதை

மாசி நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். அம்மா மண்டபம் படித்துறையில் லேசான பனி, காற்று இல்லை. அந்த நிமிடத்தில், விலை உயர்ந்த லென்ஸ் ஒன்றின் வாயில் தயிர் டப்பாவை ரப்பர் பேண்டு போட்டு மாட்டி வைத்திருந்த மனிதர் உலகத்திலேயே எண்பத்தஞ்சு பாய் ஒருவர்தான். இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. மறுத்துச் சொல்ல யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை மட்டும் இருக்கிறது.

எண்பத்தஞ்சு அவருடைய வயது அல்ல. வயது அறுபத்தாறு. ஷார்ஜாவில் ஒரு கேமராக் கடையில் வேலை பார்த்துவிட்டுப் பாலக்கரைக்குத் திரும்பியபோது அவர் பெருமையாகக் கொண்டுவந்தது ஒரு 85 எம்.எம். லென்ஸ். முகங்களை எடுப்பதற்கென்றே செய்தது. அதன் கண்ணாடி காபி டவரா அகலம் இருக்கும். அரை இருட்டிலும் படம் பிடிக்கும். ஆனால் அவ்வளவு பெரிய கண்ணாடிக்குள் பக்கவாட்டு வெயிலும் சுலபமாக நுழைந்துவிடும். நுழைந்தால் படம் முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். அதைத் தடுக்க முன்னால் மாட்டும் வளையத்துக்கு ஹூடு என்று பெயர். லென்ஸோடு கொடுத்த ஹூடு பயணத்தில் தொலைந்துவிட்டது. அன்றிலிருந்து பாய் அதற்கு மாற்று தேடிக்கொண்டிருந்தார்.

இதில் நான் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் மனைவி கோமளா. அவளுடைய பெரியப்பா பெண் பத்மா தை மாதம் காலமானாள். பதிமூன்றாம் நாள் போய்விட்டு வந்ததும் கோமளா சொன்னாள்:

"ஏன்னா, பத்மா படத்தைப் பார்த்தேளா? ஆதார் கார்டுலேர்ந்து எடுத்துப் பெருசு பண்ணி மாட்டியிருக்கா. யாரோ அதட்டின மாதிரி முழிச்சிண்டிருக்கா, பாவம். எனக்கு அப்படி மாட்டினேள்னா நானே இறங்கி வந்து கழட்டிடுவேன்."

"அபசகுனமாப் பேசாதே."

"அபசகுனம் அந்த ஆதார் போட்டோதான்."

அவளுக்குப் பங்குனியில் இதய வால்வு ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். அதற்கு முன் நல்லதாக ஒரு படம் வேண்டும், பின்னால் காவிரி தெரிய வேண்டும் என்றாள். எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் பாய் எடுத்த படங்கள் உண்டு. தெரிந்தவர்களிடம் அவர் கூலி வாங்கமாட்டார். ஆகவே ஹூடு செலவு என்னுடையது என்று பேசி முடித்தோம். இந்த ஒப்பந்தத்தை லாபம் என்று நினைத்தேன்.

முதலில் வந்தது ரப்பர் ஹூடு. மடக்கலாம், நீட்டலாம். நீட்டினால் அதுவே மடங்கிக்கொண்டது. "சும்மா டெஸ்ட்டு மாமி" என்று நாலு படம் எடுத்தார். கேமராவின் முதுகில் பார்த்துவிட்டு, "சாம்பல்" என்றார்.

அடுத்தது பூவிதழ் மாதிரி வெட்டு வெட்டாக இருந்தது. பார்க்க அழகு. "இது அகலமா எடுக்குற லென்ஸுக்கு உள்ளது சார். நமக்குக் குட்டை. அடுத்தவங்க மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்ட மாதிரி" என்றார். வாங்கச் சொன்னவர் அவர்தான்.

மூன்றாவது நீளமான உலோகக் குழல். வெயில் வரவில்லை. ஆனால் படத்தின் நாலு மூலையும் கறுத்துவிட்டன. பாய் படத்தை நீட்டி, "நீளம் ஜாஸ்தி. மாமி கிணத்துக்குள்ளேர்ந்து எட்டிப் பாக்குற மாதிரி இருக்காங்க" என்றார்.

கோமளா வாங்கிப் பார்த்தாள். "எட்டிப் பாக்கலை. தள்ளிவிட்ட மாதிரி இருக்கு."

நாலாவது கூரியரில் வந்தது. அந்த லென்ஸுக்கென்றே செய்தது என்று பெட்டியில் போட்டிருந்தது. திருகினால் 'டக்' என்று உட்கார வேண்டும். உட்காரவில்லை. படித்துறையில் குனிந்தபோது கழன்று காவிரியில் விழுந்தது. குளித்துக்கொண்டிருந்த ஒருவர் எடுத்துத் தலையில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளப் பார்த்தார். அடி இல்லை என்று தெரிந்ததும் எங்களைப் பார்த்துவிட்டு, அதைத் திரும்ப ஆற்றிலேயே விட்டார்.

"வீட்டுக்குள்ளயே எடுங்களேன் பாய். வெயிலே இல்லையே" என்றேன்.

"உள்ள ட்யூப் லைட்டு இருக்கு சார். அது வெயிலை விட மோசம்."

பிறகு பிளாஸ்டிக் குழாயில் நாலு அங்குலம் வெட்டி, உள்ளே கறுப்பு வெல்வெட் ஒட்டினால் போதும் என்று கண்டுபிடித்தார். காந்தி மார்க்கெட் பக்கத்துக் கடையில் பத்தடிக்குக் குறைந்து தரமாட்டேன் என்றார்கள். பத்தடியையும் வாங்கி, ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் நானும் அவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

கண்டக்டர் கேட்டார்: "பாய், இது எங்க இறங்குது?"

"எங்ககூடத்தான்."

"அப்ப மூணு டிக்கெட்டு. பொம்பளையா இருந்தா ஃப்ரீயா விட்டுருவேன். பைப்பாப் போச்சே!"

நாலு அங்குலம் வெட்டிய பிறகு அது லென்ஸின் வாயில் பொருந்தவில்லை. மீதி ஒன்பது அடி எட்டு அங்குலம் இன்றும் எங்கள் வாசற்கதவுக்குப் பின்னால் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும், "வீட்டுல பிளம்பிங் வேலையா?" என்று கேட்கிறார்கள்.

அதன் பிறகுதான் தயிர் டப்பா. அடியை வெட்டி, உள்ளே கறுப்பு அடித்ததும் அளவாகவே வந்திருந்தது. கோமளா அரக்குப் பட்டுப் புடவையில் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்கு நாலு வாரம் இருந்தது. பாய் இரண்டு டெஸ்ட் எடுத்தார். எட்டிப் பார்த்தேன். சாம்பல் இல்லை, மூலையில் கறுப்பும் இல்லை.

"இன்னும் ஒரு நூல் நீளம் வேணும் சார். அடுத்த வாரம் பாப்போம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கோமளாவுக்கு வரவில்லை.

"பாய், இப்படி வாங்கோ. எங்க தெருவில நீங்க எடுத்த படம் எத்தனை?"

"மூணு மாமி."

"மூணும் இப்ப எப்படி இருக்கு?"

பாய் டப்பாவைத் துடைத்தார். மூன்றுக்கும் மாலை போட்டிருக்கிறது. எங்கள் தெருவின் மின்கம்பங்களை எண்ணி வைத்திருக்கும் எனக்கு இது தோன்றவில்லை.

"எங்க வீட்டுல மனுஷங்க படம் மாட்டுற வழக்கமே இல்ல மாமி" என்றார் பாய். "அதனால முதல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழிச்சு அந்தப் பக்கம் போறேன், மாலை. அடுத்த வீடு, அங்கயும் மாலை. மூணாவது வீட்டுப் பெரியவர் என் தோள்ல தட்டி, பிரமாதம்னு சொன்னவர். ஆயுசு அல்லாஹ் எழுதினது, லென்ஸு எழுதல. தெரியும். இருந்தாலும் உங்க ஆபரேஷன் முடியட்டுமே. ஹூடு எங்க ஓடிடப் போவுது?"

"அவாளுக்கெல்லாம் தொண்ணூறு வயசு பாய். போகாம உங்க லென்ஸைப் பார்த்துண்டு உட்கார்ந்திருப்பாளா?"

பாய் டப்பாவின் ரப்பர் பேண்டை இழுத்துச் சரிசெய்தார்.

"இதோ பாருங்கோ. இது நான் போனப்புறம் மாட்டறதுக்கு இல்லை. படம் கைக்கு வந்ததும் மாட்டப் போறேன். சமையல் பண்ணிண்டே நானே பார்க்கணும். நானும் ஒரு படத்துல நன்னா இருக்கேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

பாய் டப்பாவைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"சார், வெயில் வர்ற பக்கம் வந்து நில்லுங்க. கையை நீட்டி லென்ஸுக்கு நிழல் காட்டுங்க. இன்னும் மேல. ஆடாதீங்க."

"கையா? இது போதுமா?"

"ஆத்திர அவசரத்துக்கு இதான் சார் ஹூடு."

இத்தனை நாள் சொல்லவில்லையே என்று கேட்க வாய் திறந்தேன். கை ஆடியது. இருவரும் அதட்டினார்கள்.

"பெருமாளும்தான் கையைத் தூக்கிண்டு நிக்கறார்" என்றாள் கோமளா. "இப்படியா மூஞ்சியை வெச்சிண்டிருக்கார்?" சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் பாய் விரலை அழுத்தினார்.

படத்தின் இடது மூலையில் என் விரல்கள் இரண்டு மங்கலாக விழுந்திருக்கின்றன. வெட்டிவிடுகிறேன் என்றார் பாய். கோமளா விடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. படம் மிக்ஸிக்கு மேலே தொங்குகிறது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் வருகிறார். நேராகச் சமையலறை வாசலுக்கு வந்து முதலில் படத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார். ஒரு நாள் கோமளா தலையில் வைத்தது போக மீந்த மல்லிகைச் சரத்தை அந்த ஆணியில் மாட்டியிருந்தாள். பாய் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் பின்கட்டிலிருந்து "காபியா, மோரா?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அன்று நானே காபி கலந்து கொடுத்தேன்.

ரப்பர், பூவிதழ், உலோகக் குழல், ஆற்றோடு போனது, பத்தடிக் குழாய், அதற்கு டிக்கெட், தயிர், படத்துக்குச் சட்டம் எல்லாம் சேர்த்து, வெள்ளிக்கிழமைக் காபிகளை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், நாலாயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய்.